நெடுஞ்சாலை 67இன் ஆட்டக் குழு: சன்னி பர்ஜெஸும் பேசர்ஸும்

1956 மே 2ஆம் நாள், ஆர்கன்சா மாநிலத்தின் நியூபோர்ட் என்ற சிற்றூரிலிருந்து ஆறு பேர் கொண்ட இசைக்குழு ஒன்று மெம்பிஸ் நகரத்துக்கு வந்து, யூனியன் அவென்யூ 706 என்ற முகவரியில் இருந்த சிறிய ஒலிப்பதிவுக்கூடத்தில் வாசித்தது. குழுவின் தலைவர் சன்னி பர்ஜெஸ். வயது 26. கிட்டாரும் பாட்டும் அவருடையவை. கெர்ன் கென்னடி பியானோ, ஜானி ரே ஹப்பர்ட் பேஸ், ரஸ்ஸல் ஸ்மித் டிரம்ஸ், ஜோ லூயிஸ் இரண்டாவது கிட்டார், ஜாக் நான்ஸ் டிரம்பெட். குழுவுக்குப் பேசர்ஸ் என்று பெயர். பைப்பர் பேசர் என்ற சிறுவிமானத்தின் பெயரிலிருந்து எடுத்துக்கொண்டது. அன்று பதிவான ‘ரெட் ஹெட்டட் உமன்’, ‘வீ வான்னா பூகி’ ஆகிய இரண்டு பாட்டுகளையும் இயற்றியவர் பர்ஜெஸ்தான். சன் நிறுவனத்தின் 247ஆம் எண் இசைத்தட்டின் இரு பக்கங்களாக அவை அந்தக் கோடையில் வெளிவந்தன.

அந்தக் கூடத்திலிருந்து புறப்பட்டவர்களின் பெயர்களை உலகமே அறியும். எல்விஸ் பிரெஸ்லி, கார்ல் பெர்க்கின்ஸ், ஜானி கேஷ், ராய் ஆர்பிசன், ஜெர்ரி லீ லூயிஸ் என்று வரிசை நீளும். சன் நிறுவனத்தின் வரலாற்றை எழுதுவோர் வழக்கமாக ஒரே பாணியில்தான் கதையைச் சொல்கிறார்கள். ஏழை வீட்டு இளைஞன் ஒருவன் கிட்டாரோடு வருகிறான். கூடத்தின் உரிமையாளர் சாம் பிலிப்ஸ் அவனுக்குள் இருந்த ஏதோ ஒன்றைக் கண்டுகொள்கிறார். புதியதோர் இசை பிறக்கிறது. தனிமனிதர்களைச் சுற்றியே நெய்யப்பட்ட இந்தக் கதைக்குள் பர்ஜெஸை அடக்க முடியவில்லை. அதனால் அவர் பெயர் அடிக்குறிப்பில் தங்கிவிட்டது. அவரைப் புரிந்துகொள்ள மெம்பிஸிலிருந்து தொடங்கக் கூடாது, நியூபோர்ட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் துணிபு. பேசர்ஸ் குழுவினர் சாலையோர மதுக்கூடங்களில் இரவு முழுவதும் மக்களை ஆடவைத்துக்கொண்டிருந்த உழைப்பாளிகள். அவர்களுடைய இசைத்தட்டுகள் விற்பனைப் பட்டியலில் ஏறாமல் போனதற்கும், அறுபது எழுபது ஆண்டுகள் கழித்தும் கேட்பவரை உலுக்குவதற்கும் அந்த உழைப்பே காரணம்.

நியூபோர்ட் வெள்ளையாற்றின் கரையில், மெம்பிஸிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஜாக்சன் மாவட்டத்தின் தலைநகர். சுற்றிலும் பருத்தியும் நெல்லும் விளையும் தாழ்நிலம். ஆற்றில் கிடைத்த சிப்பி ஓடுகளிலிருந்து பொத்தான் செய்யும் தொழிலும் ஒரு காலத்தில் அங்கே நடந்தது. இதுபோன்ற ஊர்கள் அமெரிக்கத் தெற்கில் எத்தனையோ உண்டு. இந்த ஊரை வேறாக்கியது மதுச் சட்டம். தேசிய மதுவிலக்கு 1933இல் முடிவுக்கு வந்த பிறகு, மது விற்பதா வேண்டாமா என்பதை ஆர்கன்சாவில் ஒவ்வொரு மாவட்டமும் வாக்களித்துத் தீர்மானித்துக்கொள்ளலாம் என்றாகியது. சுற்றியிருந்த பல மாவட்டங்கள் வேண்டாம் என்றன. ஜாக்சன் மாவட்டத்தில் மது தாராளமாகக் கிடைத்தது. அண்டை மாவட்டக்காரர்கள் சனிக்கிழமை இரவானால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு நெடுஞ்சாலை 67 வழியே இங்கே வந்துவிடுவார்கள். குடிப்பதற்கு வந்தவர்கள் ஆட விரும்பினார்கள். ஆட்டத்துக்கு இசைக்குழு வேண்டியிருந்தது.

இப்படித்தான் அந்தச் சாலையோரம் கூடங்கள் முளைத்தன. நியூபோர்ட்டின் சில்வர் மூன் அவற்றில் பேர்போனது. போர்க்கிஸ் ரூஃப்டாப் என்பது உணவுக்கடை ஒன்றின் மொட்டைமாடியில் நடந்த ஆட்டக்களம். வடக்கே ஸ்விஃப்டன் என்ற ஊரில் பாப் கிங் நடத்திய கூடம் இருந்தது. சிலவற்றின் பின்னறைகளில் சூதாட்டமும் நடந்தது. கைகலப்பு வாடிக்கை. இந்த இடங்களில் வாசிப்பவர்களுக்கு ஒரே தேர்வுதான்: தளம் நிறைந்து ஆட்டம் நடக்கிறதா, இல்லையா? பாடகரின் குரல்வளத்தையோ கிட்டார் வாசிப்பவரின் நுணுக்கத்தையோ நின்று ரசிப்பதற்காக யாரும் வருவதில்லை. தளம் காலியானால் அடுத்த வாரம் வேறு குழு வந்துவிடும். ஆகவே பழைய கன்ட்ரி பாட்டு, கறுப்பினத்தாரின் ரிதம் அண்ட் ப்ளூஸ், பூகி வூகி, மெதுவாக அணைத்து ஆடுவதற்கான காதல் பாட்டு என்று எதைக் கேட்டாலும் வாசிக்கக் குழு தயாராக இருக்க வேண்டும். ராக்கபில்லி என்று பின்னாளில் பெயர் பெற்ற இசை, அதாவது மலைநாட்டு வெள்ளையரின் நாட்டார் பாட்டும் கறுப்பினத்தாரின் தாள இசையும் மோதிக் கலந்து எழுந்த இசை, இந்த நெருக்கடியிலிருந்துதான் பெருமளவு உருவானது. எந்த மேதையும் உட்கார்ந்து யோசித்துச் செய்த கலவையாக எனக்கு அது தோன்றவில்லை. வாடிக்கையாளர்களின் கால்களே அதைத் தீர்மானித்தன.

சன்னி என்று அழைக்கப்பட்ட ஆல்பர்ட் ஆஸ்டின் பர்ஜெஸ் 1929 மே 28 அன்று நியூபோர்ட்டுக்கு அருகே ஒரு பண்ணையில் பிறந்தார். இளமையில் பேஸ்பால் ஆட்டக்காரராக வேண்டுமென்ற ஆசை இருந்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் கென்னடி, ஹப்பர்ட் முதலியோருடன் சேர்ந்து ராக்கி ரோடு ராம்ப்ளர்ஸ் என்ற குழுவை வைத்திருந்தார். இடையில் ராணுவச் சேவைக்காக ஜெர்மனி போய்வந்தார். 1954 வாக்கில் குழு மூன்லைட்டர்ஸ் ஆயிற்று. சில்வர் மூனில் வாடிக்கையாக வாசித்ததால் வந்த பெயர் அது.

1955இல் எல்விஸ் பிரெஸ்லி நியூபோர்ட்டுக்குப் பலமுறை வந்தார். அப்போது அவர் தெற்கு மாநிலங்களுக்குள் மட்டும் அறியப்பட்டவர். ஒரு வண்டியில் கருவிகளை அடுக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். சில்வர் மூனில் அவருக்கு முன்னால் மேடையேறி வாசித்தது பர்ஜெஸின் குழு. எல்விஸைப் பார்த்துத்தான் தெற்கில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் கிட்டாரைத் தூக்கினார்கள் என்று சொல்வது வழக்கம். பர்ஜெஸ் விஷயத்தில் அது பொருந்தாது. எல்விஸ் வந்தபோதே அவர் தொழில் தெரிந்த மனிதர், எல்விஸைவிட ஐந்தரை வயது மூத்தவர். எல்விஸிடமிருந்து அவர் பெற்றது ஒரு தகவல்: தாங்கள் வாசிக்கும் இதே மாதிரியான இசையைத் தட்டாகப் போடும் நிறுவனம் மெம்பிஸில் இருக்கிறது.

அந்த நிறுவனத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அலபாமாவிலிருந்து வந்த சாம் பிலிப்ஸ் 1950இல் மெம்பிஸ் ஒலிப்பதிவுக்கூடத்தைத் திறந்ததே கறுப்பினக் கலைஞர்களைப் பதிவு செய்வதற்காக. ஹவ்லின் வுல்ஃப், பி.பி. கிங், ஜூனியர் பார்க்கர், ரூஃபஸ் தாமஸ் ஆகியோர் அங்கே பதிவு செய்தார்கள். 1952இல் சன் என்ற சொந்தப் பெயரில் தட்டுகள் வெளியிடத் தொடங்கினார். 1954இல் எல்விஸ் வந்த பிறகு நிறுவனத்தின் கவனம் வெள்ளையின இளைஞர்கள் பக்கம் திரும்பியது. கறுப்பினக் கலைஞர்களுக்கு அங்கே இடம் சுருங்கியதை ரூஃபஸ் தாமஸ் பின்னாளில் வெளிப்படையாகவே குறை சொன்னார். அந்தக் குறை நியாயமானது. பர்ஜெஸ் போன்றவர்களின் இசை யாரிடமிருந்து வந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆர்கன்சாவின் ஆட்டக்கூடங்கள் நிறவாரியாகப் பிரிந்திருந்த காலம் அது. மாநிலத் தலைநகர் லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் மத்திய உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைவதற்கு 1957 செப்டம்பரில் ராணுவம் வரவேண்டியிருந்தது. அதே மாநிலத்தின் வெள்ளையர் கூடங்களில், அதே ஆண்டில், கறுப்பினத்தாரின் இசைக்கு இரவெல்லாம் ஆடினார்கள். இந்த முரணைப் பேசாமல் ராக்கபில்லியைக் கொண்டாடுவது பாதி உண்மையைச் சொல்வதாகும்.

பர்ஜெஸ் பிலிப்ஸைச் சந்தித்தபோது, குழுவை இன்னும் பெரிதாக்கிக்கொண்டு வரும்படி பிலிப்ஸ் சொன்னார். இது கவனிக்கத்தக்க செய்தி. எல்விஸின் முதல் தட்டுகளில் இருந்தவர்கள் மூன்றே பேர். அவற்றில் டிரம்ஸ்கூட இல்லை. ஜானி கேஷின் பின்னால் இருவர் மட்டும். சன்னின் புகழ்பெற்ற ஒலி இந்தச் சிறு அமைப்பை நம்பியே கட்டப்பட்டது. அப்படியிருந்தும் பிலிப்ஸ் பெரிய குழுவைக் கேட்டதற்குக் காரணம், புதிதாக ஏதாவது கிடைக்குமா என்ற தேடல்தான் என்று நினைக்கிறேன். ஜோ லூயிஸும் ஜாக் நான்ஸும் இப்படித்தான் சேர்ந்தார்கள். நான்ஸ் டிரம்ஸ் வாசிக்கத் தெரிந்தவர். குழுவில் ஏற்கெனவே ஸ்மித் இருந்ததால் டிரம்பெட்டை எடுத்துக்கொண்டார். ராக்கபில்லித் தட்டில் டிரம்பெட் என்பது கிட்டத்தட்டக் கேள்விப்படாத ஒன்று. சாக்ஸஃபோன் இருந்திருந்தால் அது வழக்கமான ரிதம் அண்ட் ப்ளூஸ் ஆகியிருக்கும். ஒற்றை டிரம்பெட் நுழைந்ததால் வேறு எந்தக் குழுவோடும் குழப்பிக்கொள்ள முடியாத தனி ஒலி பேசர்ஸுக்குக் கிடைத்தது.

சன்னின் ஒலிநுட்பம் எப்படி வேலை செய்தது என்று பார்த்தால் இந்தத் தட்டின் விசித்திரம் விளங்கும். பிலிப்ஸ் இரண்டு ஆம்பெக்ஸ் நாடாப் பதிவுக் கருவிகளை வைத்திருந்தார். ஒன்றில் நேரடியாகப் பதிவாகும். அதே ஒலி இரண்டாவது கருவியின் நாடாவில் ஏறி, பதியும் முனையிலிருந்து வாசிக்கும் முனைக்கு நாடா நகர்ந்து சேரும் கணநேரத் தாமதத்தோடு திரும்பி வந்து முதல் ஒலியுடன் கலக்கும். தாமதம் நொடியில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குத்தான். காதுக்கு அது தனி எதிரொலியாகக் கேட்காது. குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் நிழலாக ஒட்டிக்கொண்டு ஓடும். மூன்று கருவிகள் மட்டும் இருக்கும்போது ஒலிகளுக்கு நடுவே வெற்றிடம் நிறைய உண்டு. அந்த வெற்றிடத்தை நிழலொலி நிரப்பி, மூவரை அறுவராகக் காட்டிவிடும். எல்விஸின் ஆரம்பப் பாட்டுகளின் மாயம் இதுதான்.

அறுவரை அதே அறைக்குள் நிறுத்தினால் என்ன ஆகும்? வெற்றிடமே கிடையாது. டிரம்ஸ் ஒலி பாடகரின் மைக்கில் புகும், பியானோ டிரம்பெட்டோடு மோதும். எல்லாமே ஒரே தடத்தில் ஒரே மூச்சில் பதிவாவதால் பிறகு எதையும் பிரித்துத் திருத்த வழியில்லை. எல்லாவற்றின் நிழல்களும் சேர்ந்து எழும்போது கேட்பது ஓர் இரைச்சல் வெள்ளம். ‘வீ வான்னா பூகி’யில் பர்ஜெஸ் அந்த வெள்ளத்துக்கு மேலே தலையை வைத்துக்கொள்ளக் கத்துகிறார். சொற்கள் பாதி விழுங்கப்படுகின்றன. கென்னடியின் பியானோ தன் முறை வந்ததும் முட்டி மோதிக்கொண்டு வெளியே வருகிறது. குழுவினரின் கூச்சல்களும் தட்டில் பதிந்திருக்கின்றன. ஒலிப்பதிவுப் பாடநூலின்படி பார்த்தால் குறைகள் மலிந்த வேலை. ஆனால் சில்வர் மூனில் சனிக்கிழமை நள்ளிரவு எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறெங்கும் கிடைக்காது. பிலிப்ஸ் இதைச் சுத்தம் செய்ய முயலாமல் அப்படியே வெளியிட்டாரே, அந்தத் துணிச்சலுக்காக அவரை எத்தனை பாராட்டினாலும் தகும்.

முதல் தட்டு ஏறத்தாழ 90,000 படிகள் விற்றதாகச் சொல்வார்கள். எண்ணிக்கை ஓரளவு கூடக் குறைய இருந்தாலும், நாடறிந்த பாடகர் அல்லாத ஒருவருக்கு அது நல்ல விற்பனை. ஆயினும் தேசியப் பட்டியலில் அது இடம்பெறவில்லை. பிராந்தியத்துக்குள் பரவலாக விற்றது, அதைத் தாண்டவில்லை.

தட்டு வெளிவந்த பின் பேசர்ஸ் சாலையிலேயே வாழ்ந்தார்கள். ஆர்பிசன், கேஷ் ஆகியோருடன் சேர்ந்து சுற்றுப்பயணம் போனார்கள். அவர்களுடைய மேடை ஆட்டத்தைப் பற்றிய செய்திகள் ஒன்றையொன்று விஞ்சுகின்றன. பர்ஜெஸ் தலைமுடிக்குச் சிவப்புச் சாயம் பூசி, சிவப்பு கோட்டு, சிவப்பு காலணி, சிவப்பு கிட்டார் என்று தலை முதல் கால்வரை ஒரே நிறமாக வந்து நிற்பார். முதல் தட்டின் பெயரே செம்முடிப் பெண் என்பதால் பொருத்தமும் இருந்தது. வாசித்துக்கொண்டே ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி மனிதக் கோபுரம் கட்டுவார்கள். கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒன்றை ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொண்டு, எறியப்பட்டவர் உடம்பெல்லாம் அரிப்பெடுத்தவர்போல் துள்ளி ஆடும் பூச்சியாட்டம் அவர்களின் முத்திரை. மேடையிலிருந்து கூட்டத்துக்குள் குதிப்பதும் உண்டு. ஹப்பர்ட் தன் பெரிய பேஸைக் கீழே சாய்த்து அதன்மேல் ஏறிக்கொள்வார். இவற்றை வெறும் கோமாளித்தனம் என்று ஒதுக்குபவர்கள் கூடத்துத் தொழிலை அறியாதவர்கள். குடித்துவிட்டுச் சண்டைக்குத் தயாராக நிற்கும் நூறு பேரின் கண்களை மேடைப் பக்கம் திருப்புவதற்கு உடலையும் கருவியாக்கத்தான் வேண்டும்.

இந்த ஆட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இசைத்தட்டில் வர முடியாது. வட்டத்தட்டின் ஒரு பக்கத்தில் இரண்டரை நிமிடம் இருக்கிறது, கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. எல்விஸுக்குத் தொலைக்காட்சி கிடைத்தது. 1956இல் அவர் இடுப்பை அசைத்ததை வீட்டுக்குள் உட்கார்ந்தே நாடு பார்த்தது. பேசர்ஸின் மனிதக் கோபுரத்தைப் பார்க்க நெடுஞ்சாலை 67க்கோ அவர்கள் போகும் ஊருக்கோ நேரில் போக வேண்டியிருந்தது.

அடுத்த தட்டு ‘ஏன்’ட் காட் எ திங்’, மறுபக்கம் ‘ரெஸ்ட்லெஸ்’. 263ஆம் எண். 1957 தொடக்கத்தில் வந்தது. விற்பனை முதல் தட்டுக்குக் கீழே. இங்கேதான் சன் நிறுவனத்தின் பொருளாதாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சிறு நிறுவனம் ஒன்றுக்குப் பெருவெற்றியே ஆபத்தாக முடியக்கூடும். தட்டுகளை அச்சிடும் ஆலைக்கு உடனே பணம் கட்டியாக வேண்டும். விநியோகஸ்தர்களிடமிருந்து பணம் வருவதற்கு மாதங்கள் ஆகும். திரும்பி வரும் விற்காத தட்டுகளுக்கும் நிறுவனமே பொறுப்பு. எல்விஸின் ஒப்பந்தத்தை 1955 நவம்பரில் ஆர்சிஏ நிறுவனத்துக்கு 35,000 டாலருக்குப் பிலிப்ஸ் விற்றதற்கு இந்தப் பண நெருக்கடி ஒரு முக்கியக் காரணம். அந்தப் பணத்தில் கார்ல் பெர்க்கின்ஸின் ‘ப்ளூ ஸ்வேட் ஷூஸ்’ தூக்கி நிறுத்தப்பட்டது. 1957இல் ஜெர்ரி லீ லூயிஸ் வெடித்துக் கிளம்பியதும் நிறுவனத்தின் பணமும் ஆள்பலமும் அவர் பக்கம் போயின. ஒரே நேரத்தில் இரண்டு பாடகர்களை நாடு முழுவதும் தள்ளிவிடும் வலு பிலிப்ஸிடம் இல்லை. இதில் அடிபட்டவர் பர்ஜெஸ் மட்டுமல்ல. பின்னாளில் நியூபோர்ட்டிலேயே குடியேறிய பில்லி லீ ரைலி, தன் ‘ரெட் ஹாட்’ பாட்டு ஓடத் தொடங்கிய வேளையில் விளம்பரமெல்லாம் லூயிஸின் பாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டதைக் கடைசிவரை மறக்கவில்லை. ரைலியின் கசப்பு ஊரறிந்தது. பர்ஜெஸிடம் அப்படியொரு கசப்பு வளர்ந்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது தட்டின் கதை இன்னும் வேதனையானது. ‘மை பக்கெட்ஸ் காட் எ ஹோல் இன் இட்’ பழைய பாட்டு. 1949இல் ஹாங்க் வில்லியம்ஸ் பாடிப் பரவியது. பர்ஜெஸ் அதற்குப் புதிய வேகம் கொடுத்து 285ஆம் எண் தட்டில் பாடினார். அதே சமயத்தில் ரிக்கி நெல்சனும் அதே பாட்டை வெளியிட்டார். நெல்சனுக்கு அப்போது பதினேழு வயது. தன் பெற்றோருடன் அவர் நடித்த தொலைக்காட்சித் தொடர் வாரந்தோறும் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே ஒரு பாட்டைப் பாடினாலே போதும், மறுநாள் கடைகளில் அதைக் கேட்டு வரிசை நிற்கும். 1958இல் பட்டியலில் ஏறியது நெல்சனின் பாட்டுதான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நெல்சனுடையது அழகாக, அளவாக, பிசிறில்லாமல் இருக்கிறது. பர்ஜெஸுடையதில் ஓட்டை வாளியோடு உண்மையிலேயே அல்லாடும் மனிதன் இருக்கிறான்.

இதற்குள் குழு கலையத் தொடங்கியிருந்தது. நான்ஸும் ஜோ லூயிஸும் ஹெரால்ட் ஜென்கின்ஸ் என்ற ஆர்கன்சா இளைஞரோடு சேர்ந்துகொண்டார்கள். கான்வே ட்விட்டி என்று பெயரை மாற்றிக்கொண்ட அந்த இளைஞரும் நான்ஸும் சேர்ந்து எழுதிய ‘இட்ஸ் ஒன்லி மேக் பிலீவ்’ 1958இல் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்துக்குப் போயிற்று. பேசர்ஸின் டிரம்பெட்காரர் எழுதிய காதல் பாட்டு நாட்டையே உருகவைத்தது என்பது, அந்தக் குழுவுக்குள் எத்தனை திறமை அடைந்து கிடந்தது என்பதற்குப் போதுமான சான்று. பாபி கிராஃபர்ட் டிரம்ஸுக்கு வந்தார். 1958இல் ‘இட்சி’, ‘தண்டர்பேர்ட்’ என்று பாட்டே இல்லாத இரண்டு இசைத்துண்டுகள் வந்தன. கடைசித் தட்டான ‘சேடிஸ் பேக் இன் டவுன்’ பிலிப்ஸ் இன்டர்நேஷனல் என்னும் துணைப் பெயரில் வந்தது. அத்தோடு மெம்பிஸ் அத்தியாயம் முடிந்தது. பர்ஜெஸ் சில காலம் ட்விட்டியின் குழுவில் வாசித்தார். அறுபதுகளில் கிங்ஸ் ஃபோர் என்ற பெயரில் தன் வட்டாரக் கூடங்களுக்கே திரும்பினார். பேசர்ஸ் என்ற பெயரைக் கிராஃபர்ட் தொடர்ந்து நடத்தினார். எழுபதுகளில் பர்ஜெஸ் ஊர் ஊராகச் சென்று தையல் பொருள்கள் விற்கும் விற்பனையாளராகிவிட்டார்.

அவர் சாமான் விற்றுக்கொண்டிருந்த ஆண்டுகளில் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் அவர் பெயர் வளர்ந்துகொண்டிருந்தது. 1969இல் பிலிப்ஸ் தன் நிறுவனத்தை ஷெல்பி சிங்கிள்டனுக்கு விற்றார். ஒலிநாடாக்கள் கைமாறின. எழுபதுகளில் இங்கிலாந்தின் சார்லி நிறுவனம் உரிமை பெற்று அவற்றை வெளியிட்டது. காலின் எஸ்காட், மார்ட்டின் ஹாக்கின்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சன் நிறுவனத்தின் பதிவேடுகளையும் நாடாக்களையும் அலசி 1975இல் நூல் எழுதினார்கள். பின்னர் ஜெர்மனியின் பேர் ஃபேமிலி நிறுவனம் பர்ஜெஸின் சன் பதிவுகளைத் தனித் தொகுப்பாகவே கொண்டுவந்தது. அப்போதுதான் ஒன்று வெளிப்பட்டது. ஐந்து தட்டுகளில் வந்த பத்துப் பக்கங்களைப் போல மூன்று மடங்குக்கும் மேலான பாட்டுகள் வெளிவராமலே நாடாவில் தூங்கியிருந்தன.

பர்ஜெஸைப் பற்றிய என் மதிப்பீடு இந்த வெளிவராத பாட்டுகளைத்தான் பெரிதும் சார்ந்தது. ‘பிரிசனர்ஸ் சாங்’ இருக்கிறது. 1924இல் வெர்னன் டால்ஹார்ட் பாடி லட்சக்கணக்கில் விற்ற சிறைப்பாட்டு அது. ‘ஹேண்ட் மி டவுன் மை வாக்கிங் கேன்’ என்ற இன்னும் பழைய நாட்டார் பாட்டு இருக்கிறது. லிட்டில் வால்டர் 1955இல் சிகாகோவில் பாடிய ‘மை பேப்’ இருக்கிறது. 1948இல் லானி ஜான்சன் மென்மையாகப் பாடிய ‘டுமாரோ நைட்’ இருக்கிறது. ‘ட்ரக்கின் டவுன் தி அவென்யூ’ போன்ற, ஒரு நிமிடமும் மூச்சுவிடாத ஆட்டப்பாட்டுகளும் இருக்கின்றன. வெள்ளையர் வீட்டுத் திண்ணைப் பாட்டு, சிகாகோ ப்ளூஸ், காதல் தாலாட்டு என்று சில்வர் மூனின் ஓர் இரவுக்கான முழு நிரலே நாடாவில் விழுந்திருக்கிறது. ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வந்தும் குழுவினர் தங்கள் தொழிலைத்தான் செய்தார்கள். தளத்துக்கு எது எடுபடுமோ அதைப் பாடினார்கள்.

ஐரோப்பிய சேகரிப்பாளர்கள் இந்தப் பாட்டுகளைக் காப்பாற்றினார்கள் என்பதில் ஐயமில்லை. அவர்களில் பலருக்கு ராக்கபில்லியில் தூய்மை என்று ஒரு கருத்து இருந்தது. தட்டி வாசிக்கும் பேஸ், ஒற்றை மின்கிட்டார், விக்கி விக்கிப் பாடும் குரல் ஆகியவை இருந்தால்தான் அசல், ஊதுகருவி வந்தால் கலப்படம் என்பார்கள். அந்த அளவுகோலின்படி டிரம்பெட்டும் பியானோவும் வைத்திருந்த பேசர்ஸ் விலக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவர்களுடைய பாட்டுகளின் வெறியை யாராலும் மறுக்க முடியவில்லை. அளவுகோல்தான் தவறு என்று எனக்குப் படுகிறது. ஆர்கன்சா கூடங்களில் தூய்மையைத் தேடி யாரும் வாசித்ததில்லை. கிடைத்த கருவி, கிடைத்த ஆள், கேட்ட பாட்டு. பேசர்ஸின் கலப்பே அந்தக் காலத்தின் நடைமுறைக்கு மிக அருகில் நிற்கிறது. மூவர் குழுவின் மெலிந்த ஒலிதான் ஒலிப்பதிவுக்கூடத்தின் கைவண்ணம்.

எண்பதுகளின் நடுவில் பர்ஜெஸ் மறுபடியும் முழுநேரமாக மேடைக்கு வந்தார். சன் ரிதம் செக்‌ஷன் என்ற குழுவில் ஜானி பர்னெட்டின் மூவரணியில் கிட்டார் வாசித்த பால் பர்லிசன், பாட்டாசிரியர் ஸ்டான் கெஸ்லர் போன்றவர்கள் அவருக்குத் துணை. ஒரு காலத்தில் பாடகர்களுக்குப் பின்னால் நின்றவர்களே முன்வரிசைக்கு வந்த குழு அது. 1992இல் டேவ் ஆல்வினோடு சேர்ந்து ஓர் ஆல்பம் செய்தார். 1996இல் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் குழுவைச் சேர்ந்த கேரி டாலன்ட் தயாரிப்பில் ரவுண்டர் நிறுவனம் இன்னோர் ஆல்பம் வெளியிட்டது. அதில் உள்ள ‘டைகர் ரோஸ்’ ஸ்பிரிங்ஸ்டீன் எழுதிய பாட்டு. இந்தப் பிற்காலப் பதிவுகளில் ஒலி தெளிவாக இருக்கிறது, குரலும் தளரவில்லை. ஆனாலும் 1956இன் இரைச்சலுக்கு ஈடாக அவற்றை என்னால் வைக்க முடியவில்லை. அங்கே உடன் வாசிப்பவர்கள் கைதேர்ந்த தொழில்முறைக் கலைஞர்கள். நியூபோர்ட் வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கிடையே இருந்த முரட்டு உரிமை அவர்களிடம் எதிர்பார்க்க முடியாதது. அந்த உரிமை கிடைத்த இடம் பழைய பேசர்ஸ்தான். கென்னடியும் கிராஃபர்டும் மற்றவர்களும் மீண்டும் ஒன்றுகூடி, லெஜண்டரி பேசர்ஸ் என்ற பெயரில் ஆர்கன்சாவிலும் ஐரோப்பாவிலும் வாசித்தார்கள்.

முதுமையில் அவர் ஜோன்ஸ்பரோ நகரின் ஆர்கன்சா மாநிலப் பல்கலைக்கழக வானொலியான கேஏஎஸ்யூவில் ஜூன் டெய்லருடன் சேர்ந்து நிகழ்ச்சி நடத்தினார். நிகழ்ச்சியின் பெயர் ‘வீ வான்னா பூகி’. மாநிலச் சட்டமன்றம் 2009இல் ஜாக்சன், லாரன்ஸ், ராண்டால்ஃப் மாவட்டங்களின் வழியே செல்லும் நெடுஞ்சாலை 67க்கு ராக் அண்ட் ரோல் நெடுஞ்சாலை என்று பெயர் சூட்டியது. மார்வின் ஷ்வார்ட்ஸ் எழுதிய பர்ஜெஸ் – பேசர்ஸ் வரலாற்று நூல் 2014இல் வந்தது. 2017 ஆகஸ்ட் 18 அன்று, தம் 88ஆம் வயதில், பர்ஜெஸ் லிட்டில் ராக்கில் இறந்தார்.

அவரைப் புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வரிசை சொல்லலாம். 247ஆம் தட்டின் இரு பக்கங்களையும் முதலில் கேட்க வேண்டும். சொற்களைத் துரத்தாமல், பியானோ எங்கே நுழைகிறது, டிரம்பெட் யாரோடு மோதுகிறது என்று பின்தொடர்ந்தால் இரைச்சலுக்குள் ஆறு பேரும் தனித்தனியாகத் தெரியத் தொடங்குவார்கள். அடுத்து ஹாங்க் வில்லியம்ஸ், பர்ஜெஸ், நெல்சன் ஆகிய மூவரின் ஓட்டை வாளிப் பாட்டுகளையும் வரிசையாக வைக்கலாம். ஒன்பது ஆண்டுகளில் ஒரு பாட்டு எத்தனை வகுப்பு மனிதர்களின் கையில் புகுந்து வந்தது என்பது புரியும். அதன் பிறகு வெளிவராத பாட்டுகள். அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கேட்பதைவிட ஒரே அமர்வில், ஓரளவு சத்தமாக, இடையில் நிறுத்தாமல் கேட்பது நல்லது. சில்வர் மூனில் அப்படித்தான் வாசித்தார்கள்.